பேச்சில்லை

முந்தைய மீட்பு பாதியில் நின்றுவிட்டது, விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. சண்முகவடிவு மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டு, விட்ட இடம் எது என்று இதற்கு நிச்சயமாகத் தெரியுமா என்று யோசித்தாள். நேற்றுச் சாயங்காலம் கரண்ட் போனபோது யூபிஎஸ் கொஞ்ச நேரம் கீச்சுக்கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. திரை கறுத்தது. பக்கத்தில் நின்ற, கூட வேலை பார்க்கும் எப்சிபா, "போச்சா? சரி விடுங்கக்கா, பேக்கப்பு பத்திரமா இருக்கு, நாளைக்கு விட்ட இடத்துல இருந்து எடுத்துக்கிடும்" என்று சொல்லிக்கொண்டே கைப்பையைத் தோளில் மாட்டினாள். அவள் எதையும் அப்படித்தான் சொல்வாள், பத்திரமாக இருக்கிறது, சரியாகிவிடும், எடுத்துக்கொள்ளும். கேட்பவர்களுக்கு வயிற்றில் ஒரு கதகதப்பு இறங்கும். பேச்சு வராத பிள்ளைகளின் அம்மாக்கள் அந்தக் குரலுக்காகவே பாளையங்கோட்டையின் அடுத்த கோடியிலிருந்து இந்தப் பேச்சுப் பயிற்சி நிலையத்துக்குப் பஸ் ஏறி வருகிறார்கள். இப்போதும் பிளைவுட் தடுப்புக்கு அந்தப்பக்கம் அந்தக் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. "பந்து. எங்க, அக்காவப் பாத்து. ப. பந்து. ஆ, சூப்பரு, இன்னொரு தடவ." சண்முகவடிவு ஆமாம் என்பதை அழுத்தினாள். திரையில் பச்சைக் கோடு ஒன்று கடைசியில் நின்ற இடத்துக்குப் போகாமல், முதலிலிருந்து மெல்ல நகரத் தொடங்கியது. திக்கென்றது. பிறகு படித்துப் பார்த்தாள். ஏற்கெனவே வந்தவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டு வருகிறதாம். சரிபார்க்கட்டும். ஒரு முறைக்கு இரு முறை பார்ப்பதில் என்ன தப்பு, அவளும் அப்படித்தானே. அவசரப்படுகிற சாமான் இல்லை இது என்று நினைத்ததில் ஒரு சின்ன ஆறுதல் வந்தது. கோட்டுக்குக் கீழே பிள்ளைகளின் பெயர்கள் ஓடின. பெயர், தேதி, பெயர், தேதி. சில பிள்ளைகள் இப்போது காலேஜில் படிக்கிறார்கள், ரோட்டில் பார்த்தால் தெரியாதவர்கள்போலப் போகிறார்கள், அது நல்லதுதான்.

நாலு மணிக்குத் தாரணியின் அப்பா வருகிறார். அதை நினைக்காமல் இருக்கத்தான் இத்தனையும் நினைத்துக்கொண்டிருந்தாள். ராமலிங்கம், லாரி செட்டில் கணக்கெழுதுபவர், மகளை இங்கே சேர்த்த நாளில் ஒரு தடவை வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனவர். தாரணிக்கு ஐந்து முடிந்துவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது, கூப்பிட்டால் திரும்புகிறாள், வாயைத் திறந்து ஒரு சொல் கிடையாது. வருசம் ஒன்று ஆகப்போகிறது, என்ன கண்டோம், அடுத்த மாதத்திலிருந்து அனுப்ப மாட்டேன், நாகர்கோவில் பக்கம் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்கிற இடம் ஒன்றில் சேர்க்கப்போகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். அவர் மனைவி முத்துச்செல்வி நாலு நாளாகச் சண்டை போட்டு, அழுது, சாப்பிடாமல் கிடந்து, ஒன்றே ஒன்றுக்குச் சம்மதம் வாங்கியிருக்கிறாள். தாரணி ஒரு நாள் இங்கே எழுப்பி, பதிவாகியிருக்கிற அந்தச் சத்தத்தை அவர் காதால் ஒரு தடவை கேட்பது. கேட்ட பிறகும் வேண்டாம் என்றால் வேண்டாம். "அவுக ஒரு சொல்லுக்காரவுக டீச்சர், கேட்டுட்டு இருக்குன்னா இருக்குன்னுதான் சொல்லுவாக" என்று போனில் சொன்னாள். அதற்கு மறுநாள்தான் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் போனது. கடைக்காரர் அதைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, இது இனி பேப்பர் மேல வைக்கத்தான் லாயக்கு மேடம் என்றார். புதுசு மாட்டியாயிற்று. எல்லாம் பேக்கப்பிலிருந்து வந்தாக வேண்டும். வரும். வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பிள்ளை போனதும் எப்சிபா வெளியே இருக்கும் டிஸ்க்கைச் சொருகுவாள். சண்முகவடிவு செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆச்சா?" என்பாள். "ஆச்சுக்கா." கதவைப் பூட்டுவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் அதுதான், ஆச்சா, ஆச்சுக்கா, பூட்டு விழுகிற சத்தம், மல்லிகைப்பூக்காரியின் சைக்கிள்.

அந்தச் சத்தம். அதைச் சொல் என்று சொல்ல அவளுக்கே துணிச்சல் இருந்ததில்லை. இந்த நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு, அவள் ஏற்படுத்தியது. பிள்ளை எழுப்பும் ஓசை வேறு வேறு நாளில் மூன்று தடவை அதே பொருளோடு வந்தால்தான் அது பேச்சு. அதுவரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பதிவு கம்ப்யூட்டரில் பேச்சில்லை என்ற கோப்பறைக்குத்தான் போகும். ஆசைப்பட்டுக் கேட்டால் விசிலடிக்கிற குக்கர்கூட அம்மா என்று சொல்வதுபோலத்தான் இருக்கும் என்று பெற்றோர்களிடம் சொல்வாள், அவர்கள் சிரித்துவிட்டு உடனே முகம் வாடுவார்கள். ஆகவே பேச்சு என்பது சின்னக் கோப்பறை. பேச்சில்லை பெரியது, பல மடங்கு பெரியது. அதற்குள் இருப்பது முக்கால்வாசியும் மின்விசிறி, நாற்காலி இழுபடுவது, வெளியே ஆட்டோ, பிள்ளை மூச்சு விடுவது. அந்த மூச்சைத்தான் அவள் உட்கார்ந்து கேட்பாள். ஒரு சொல் வருவதற்கு முன்னால் மூச்சு மாறும். எங்கேயோ பிடித்துக்கொள்ளும், சிக்கும், விடுபடும். ரெக்கார்டரை வீட்டுக்குக் கொண்டுபோய், சமைத்துக்கொண்டே, காதில் இயர்போன் ஒயரை மாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறாள். அந்தச் சத்தம் வந்த அன்று தாரணியை மேஜைமேல் ஒரு டம்ளரையும் கொஞ்சம் புளியங்கொட்டையையும் கொடுத்து விட்டுவிட்டு, சண்முகவடிவு ஒன்றும் பேசாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நேரம் முடியப்போகும்போது வந்தது. மூக்கில் தொடங்கி, கொஞ்சம் மேலே ஏறி, அறுந்து நின்றது. ஒரு கொட்டை டம்ளருக்குள் விழுந்தது. பிறகு, அறுந்த அதே இடத்திலிருந்து, அதே உயரத்திலிருந்து, மறுபடி எடுத்துக் கீழே இறங்கி முடிந்தது. அவ்வளவுதான். சும்மா வருகிற ஓசை அறுந்தால் மறுபடி முதலிலிருந்துதான் வரும், அல்லது வராது. விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு தொடர்வதென்றால், சொல்லி முடிக்க வேண்டியது ஒன்று உள்ளே இருந்திருக்கிறது. முத்துச்செல்வியை உள்ளே கூப்பிட்டுக் காதில் ஒயரை மாட்டிப் போட்டுக் காட்டினாள். அந்தப் பெண் புடவைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. பிறகு எப்சிபாவிடம் சொன்னாள், நேரம் கிடைக்கும்போது கேட்டுப் பார். ரெண்டு நாள் கழித்து எப்சிபா, "கேட்டேன்க்கா. உடம்பே சிலிர்த்துட்டு" என்றாள். அன்று அவளுக்கு இருந்த சந்தோஷம் அந்தச் சத்தத்தால்கூட இல்லை. இன்னொரு காதும் கேட்டிருக்கிறது என்பதால்.

கேட்கிற ம் வேறு, கேட்காத ம் வேறு. அதைச் சண்முகவடிவு படிப்பில் கற்கவில்லை, கல்யாணத்தில் கற்றாள். வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொல்கிற ம் எல்லாம் ஒரே நீளம் இருக்கும். கதை எங்கே போனாலும், அதில் யாராவது செத்தாலும், அதே நீளம். கேட்கிற ம் அப்படி இருக்காது, ஒன்று முந்திக்கொள்ளும், இல்லாவிட்டால் பிந்திவரும். இத்தனை வருசத்தில் எப்சிபாவின் ம் தனக்கு எப்போதும் கேட்கிற ம் ஆகத்தான் இருந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லக்கூடியதும் இல்லை. மத்தியானம் ஒரே டப்பாவிலிருந்து எலுமிச்சங்காய் ஊறுகாயை எடுப்பார்கள். அவள் ஏதாவது ஒரு பிள்ளையின் மூச்சைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாள், எப்சிபா கையைச் சோற்றில் வைத்தபடியே நிறுத்திக் கேட்பாள். பச்சைக் கோடு பாதியைத் தாண்டியது. நேற்று நின்ற இடம் வந்துவிட்டது போலிருக்கிறது, கொஞ்சம் தயங்கியது. தயங்கட்டும். இப்போது புதிதாக எடுக்க ஆரம்பித்தது, பேச்சு, பேச்சு, பேச்சு, அறிக்கைகள், படங்கள். பேச்சு முடிந்து பேச்சில்லை வரும். அது பெரியது, நேரமெடுக்கும். ஆனால் கோடு வேகமாகப் போனது. இவ்வளவு வேகமாக ஏன் போகிறது, நல்லதுதானே, ஆனால் ஏன், இன்னும் பெரியது ஆரம்பிக்கவே இல்லையே, இதற்கு முடிவு தெரிகிறாற்போலப் போகிறதே. அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்த மாதிரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். வெளியே இருந்த டிஸ்க்குக்குள் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் இடத்தை, இதுவரை ஒரு நாளும் தொட்டதில்லை, தேடித் திறந்தாள். கோப்பறைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் சின்னக் கட்டம், கட்டத்துக்குள் சரி என்ற குறி. பேச்சில்லைக்கு முன்னால் கட்டம் இருந்தது, குறி இல்லை. வெள்ளையாக இருந்தது. தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்தாள். கை தவறி. எலிகூட ஓடியிருக்கலாம். குறியைப் போட்டால் வந்துவிடும் என்று அமுக்கிப் பார்த்தாள், அமுங்கவில்லை, அதில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்று சொன்னது.

"எப்சிபா" என்று கூப்பிட்ட குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, அவளுக்கே ஆச்சரியம். பந்துப் பையனை அவன் அம்மாவிடம் விட்டுவிட்டு எப்சிபா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா, வந்துட்டா?"

"இதுல பேச்சில்லை இல்லயே."

எப்சிபா குனிந்து பார்த்தாள். பார்க்கிறவள் போலக் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தாள். "அது வந்து, டிஸ்க்கு நெறஞ்சிட்டுக்கா. தசராவுக்கு முன்னால. இடமில்ல இடமில்லன்னு வந்துச்சு. அதான் அத மட்டும் எடுத்துவிட்டேன். பெறவு பெரிய டிஸ்க்கு வாங்கினப்புறம் போட்டுக்கிடலாம்னு."

"எங்கிட்டச் சொல்லல."

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க அன்னைக்கு மூஞ்சிய ஒரு மாதிரி வச்சிருந்தீய. பெறவு மறந்துட்டு."

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்டேன்."

"பேக்கப்பு ஆச்சான்னு கேட்டீய. ஆச்சுதான் அக்கா, பேச்சு பூராவும் ஆச்சு." அவள் குரல் பிள்ளையிடம் பேசுகிறதுபோல மெதுவானது. "வேற எத எடுக்க முடியும், சொல்லுங்க. அதுலதான் ஒண்ணும் இல்லயே."

சொன்ன பிறகு அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். "அந்த அர்த்தத்துல சொல்லலக்கா" என்றாள். சண்முகவடிவு, சரி போ, அடுத்த பிள்ளை வந்திருக்கும் என்றாள்.

ஒண்ணும் இல்லயே. கோபம் வருமென்று காத்துக்கொண்டிருந்தாள், வரவில்லை. அதற்குப் பதிலாக, படியிறங்கும்போது இருட்டில் இன்னொரு படி இருக்கிறதென்று கால் வைத்தால் தரை வந்துவிடுமே, அப்படி ஒரு அதிர்ச்சி திரும்பத் திரும்ப வந்தது. தசராவுக்கு முன்னாலிருந்து எத்தனை வெள்ளிக்கிழமை. எண்ண வேண்டாம் என்று நினைத்தாள், மனசு பூக்காரியின் சைக்கிள் வரையில் போய்த் திரும்பியது. இடம் இல்லாமல் போனால் எதை விடுவாய் என்று கேட்டால் யாரும் சொல்கிற பதில்தான் அது. மூச்சையும் மின்விசிறியையும் யார் எடுத்து வைப்பார்கள். எப்சிபா கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் எவ்வளவு சுலபம். போன மழைக்காலத்தில் சண்முகவடிவுக்குக் காய்ச்சல் வந்தபோது ரெண்டு பேரிடமும் வருகிற பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டு ராத்திரி ரசமும் கொண்டுவந்தவள். அந்த ரசத்தைக் கொண்டுவந்தபோதும் அந்தக் கட்டம் வெள்ளையாகத்தான் இருந்திருக்கிறது. சோற்றில் கையை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தபோதும். அப்படியானால் அந்த ம். அங்கே போகாதே என்று மனசைத் தடுத்தாள், அது மாடு மாதிரி அங்கேயே போய் நின்றது. அவள் ஒரு வேலை செய்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தாள், இருவரும் சேர்ந்து செய்கிற வேலை. எப்சிபாவுக்கு அது அக்காவின் ஒரு பழக்கமாக இருந்திருக்கிறது, வயதானவர்கள் பழைய பாலிதீன் பைகளை மடித்து மடித்து மெத்தைக்கடியில் வைப்பார்களே, அதைப்போல, மனம் நோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது, பார்க்காத நேரத்தில் எடுத்துப் போட்டுவிட வேண்டியது. ரெக்கார்டரில் இருக்குமா என்று எடுத்துப் பார்த்தாள். வாராவாரம் அதை அழித்துவிட்டுத்தான் புதிது பதிவது, தெரிந்தும் பார்த்தாள். இல்லை. கம்ப்யூட்டர் டிங் என்று இனிமையாக ஒலித்தது. மீட்பு முழுமையாக முடிந்தது, விடுபட்டவை ஏதுமில்லை.

அவர்கள் நாலு மணிக்கு முன்பே வந்துவிட்டார்கள். ராமலிங்கம் தோய்த்துத் தேய்த்த சட்டை போட்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி, சுவரை ஒட்டி நேராக வைத்தார். தாரணி அவர் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முத்துச்செல்வியின் முகத்தில் பரீட்சைக்கு வந்த பிள்ளையின் களை. கண்ணாலேயே, போட்டுறலாமா டீச்சர் என்று கேட்டாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மாட்டிக்கொள்ளும் ஒயர் எங்கே என்பதுபோல மேஜையைப் பார்த்தார். சண்முகவடிவு மனசில் பல விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் போய், "அந்தப் பதிவு இல்லைங்க. கம்ப்யூட்டர் போனதுல போயிட்டு" என்றாள்.

"இல்லன்னா?"

"திருப்பி எடுக்க முடியல."

அவர் கத்தவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியும்ளா" என்றார். "நீ என்னத்தையோ சொல்லி ஆள இழுத்துட்டு வந்திருக்க. இந்த டீச்சரையும் சேத்துக்கிட்டு." அவர் எழுந்து பிள்ளையின் கையைப் பிடித்தார். அப்போது தடுப்புக்கு அந்தப்பக்கமிருந்து எப்சிபா வந்து வாசற்படியில் நின்றாள். எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம். நானும் கேட்டேன்" என்றாள். "இந்தக் காதால கேட்டேன். பதிவுதான் போச்சு, பிள்ள சொன்னது போகுமா? அம்மான்னு சொல்லிச்சு. தெளிவா. மொதல்ல ம்மா, பெறவு அம்மா. நான் அப்படியே உக்காந்துட்டேன்."

அம்மா இல்லை அது. அம்மா மாதிரியும் இல்லை. உதடு சேரவே இல்லை, மூக்கில் தொடங்கியது. சண்முகவடிவு எப்சிபாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் பொய் சொல்கிறவளின் கூச்சம் துளிகூட இல்லை. கண்கள் நனைந்திருந்தன, ஈடு கட்டிவிட்டேன் அக்கா என்றன. இவள் கேட்டதே இல்லை. உடம்பு சிலிர்த்துட்டு என்று சொன்ன அன்றும் கேட்டதில்லை. கட்டம் எப்போது வெள்ளையானது என்பதெல்லாம் அதற்குப் பிறகு ஒன்றுமில்லாததாகிவிட்டது.

ராமலிங்கத்தின் கை தளர்ந்தது. "அம்மான்னா?" என்று மனைவியிடம் கேட்டார். முத்துச்செல்விக்குத் தெரியும். இந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்று கேட்டவள் அவள், அவளும் சண்முகவடிவும் தவிர வேறு காது இல்லை. அவள் சண்முகவடிவை ஒரு கணம் பார்த்தாள். அதில் கெஞ்சல் இருந்தது, அதைவிட அதிகமாக அவசரம் இருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க. அம்மான்னுதான்" என்றாள்.

"அப்படி வெவரமா ஏன் முன்னயே சொல்லல நீ. சத்தம் சத்தம்னா எனக்கு என்ன வெளங்கும்." அவர் முகம் என்னவோ ஆனது. மகளின் தலையில் கை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். எப்சிபாவைப் பார்த்து, "அப்போ இனி நீங்களே பாருங்க டீச்சர். இன்னொரு ஆறு மாசம் அனுப்புதேன்" என்றார். பிறகுதான் சண்முகவடிவின் பக்கம் திரும்பினார். மரியாதைக்குக் கேட்பதுபோல, "அப்படித்தானே டீச்சர்? அம்மான்னுதானே சொல்லிச்சு?"

இல்லை என்றால் நாகர்கோவில். மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். தாரணி மட்டும் மேஜையின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள், மூச்சு சீராகப் போய்வந்தது, அதில் சிக்கல் எதுவும் இல்லை.

"ஆமாம்" என்றாள் சண்முகவடிவு.

அவர்கள் அடுத்த அறைக்குப் போனார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு, மறந்துபோவதற்குள் ஒரு தடவை அதைக் கேட்டுவிட வேண்டும் என்று உட்கார்ந்தாள். மூக்கில் தொடங்கியது. ஏறியது. அறுந்தது. கொட்டை விழுந்தது. இனி அது எடுக்க வேண்டிய இடம் அவளுக்குத் தெரியும், அந்த உயரம் தெரியும், காத்திருந்தாள். அம்மா என்றது, எப்சிபாவின் குரலில். தலையை உதறிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் அறுந்த இடம் வரைக்கும் சரியாக வந்தது. அதற்கு அப்பால் அம்மா, தெளிவாக, அழகாக, யாருக்கும் புரிகிற மாதிரி.